தண்ணீர் புகாத கப்ளர்: கருகிய பிளக்கை மாற்றும் முறை

லாரியின் பின்பக்க விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பை மாற்றுகிறோம். அப்புறம் ஃபியூஸ். அதுவும் நன்றாக இருந்தால் சுவிட்ச் மேல் சந்தேகம். எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் சேசிஸ் ஓரத்தில் சேறு அப்பிக் கிடக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்க்கிறோம். உள்ளே பின்களில் பச்சை பூத்திருக்கும். ஒரு பின் கருத்திருக்கும். பிளாஸ்டிக் அந்தப் பக்கம் மட்டும் இளகி வளைந்திருக்கும். கோளாறு அங்கேதான் இருந்திருக்கிறது. முதலில் பார்த்திருக்க வேண்டிய இடத்தைக் கடைசியில் பார்ப்பதால் ஒரு பல்பும் ஒரு நாள் வாடகையும் வீணாகின்றன.

அப்படிக் கெட்டுப்போன கப்ளரைக் கண்டதும் நம் கை செய்யும் வேலை, அதை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவது. விளக்கு அப்போதே எரிந்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி போகும். அந்த இடத்தில் தண்ணீர் புகாத நல்ல கப்ளரைக் குறைந்த செலவில் எப்படிப் பொருத்துவது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

நம் பகுதி வண்டிகளுக்கு இது ஏன் முக்கியம்

ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஓடும் வண்டிகள் படும் பாடு தனி. குவாரியிலிருந்து கல் ஏற்றி வரும் டிரெய்லரில் கிரானைட் தூள் ஒட்டாத இடம் இல்லை. அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் கப்ளரின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ராயக்கோட்டை தக்காளியும் ஓசூர் ரோஜாவும் ஏற்றும் சரக்கு ஆட்டோக்கள் விடியற்காலைப் பனியிலும் மழையிலும் ஓடுகின்றன. இங்கே மே மாதக் கோடைமழையில் தொடங்கும் ஈரம், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்து நவம்பர் வரை விட்டு விட்டு நீடிக்கும். இவற்றுக்கு மேல் வாட்டர் சர்வீஸ். மழை மேலிருந்து விழும். சர்வீஸ் கன்னின் தண்ணீரோ கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அழுத்தத்தோடு பாய்ந்து கப்ளருக்குள் ஏறிவிடும்.

வண்டி தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட பகுதி இது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில்தான் வெளிவந்தது. அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் இங்கே உண்டு. இப்போது ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பகலில் கம்பெனி லைனில் சீல் வைத்த கப்ளரை அளவு பிசகாமல் பொருத்திவிட்டு, மாலையில் தங்கள் சொந்த பைக்கில் டேப் சுற்றுகிறார்கள். கம்பெனியில் செய்யும் அதே வேலையைப் பட்டறையிலும் செய்ய முடியும். அதற்கான சாமான் இன்று எளிதாகக் கிடைக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. மேலுமலை இறக்கத்திலோ, தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயிலோ இரவில் டேஞ்சர் லைட் (பின்பக்கச் சிவப்பு விளக்கு) எரியாமல் மெதுவாகப் போகும் டிரெய்லர், பின்னால் வருபவன் கண்ணுக்கு நெருங்கிய பிறகுதான் தெரியும். அந்த விளக்கின் கப்ளரை ஒழுங்காக மாற்றுவது பின்னால் வருபவனின் உயிருக்கும் பாதுகாப்பு.

கப்ளர் எப்படிக் கெடுகிறது

பின்னும் சாக்கெட்டும் இறுக்கமாகத் தொடும்போது நடுவில் தடை மிகமிகக் குறைவு. ஈரம் புகுந்து பச்சை பூத்தாலோ, அதிர்வில் பின் தளர்ந்தாலோ தடை ஏறுகிறது. தடை ஏறிய இடத்தில் சூடு உண்டாகும். ஒரு கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் 0.2 ஓம் தடை இருந்தால் அங்கேயே 1 வோல்ட் விழுந்துவிடும். பல்புக்குப் போக வேண்டியதில் 5 வாட் அந்தச் சின்னப் பின்னிலேயே சூடாக மாறும். ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ கால் பங்கு குறையும். வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பு போட்டால் கரன்ட் இன்னும் கூடும், கப்ளர் இன்னும் வேகமாகக் கருகும்.

ஏப்ரல் 2017 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்பது விதி. இரவில் மட்டும் வேலை செய்த ஹெட்லைட் கப்ளர், இப்போது பகலிலும் கரன்ட்டைச் சுமக்கிறது. தளர்ந்த பின்னுக்கு ஓய்வே கிடையாது.

இன்னொரு சேதம் வெளியே தெரியாது. வயரின் வெட்டுமுனையில் படும் தண்ணீரை, திரி எண்ணெயை இழுப்பதுபோல் செம்பு இழைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே இன்சுலேஷன் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு கருத்துப் பொடியாகிக்கொண்டிருக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள் சில மாதத்தில் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்துவிடும். பிறகு அது தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியே விடாமல் வைத்திருக்க மட்டுமே உதவும்.

எதை வாங்குவது

தண்ணீர் புகாத கப்ளரில் மூன்று சீல்கள் உண்டா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வயருக்கும் பின்புறம் ஒரு ரப்பர் சீல். ஆண், பெண் பாகங்கள் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். வயர் வராத காலி ஓட்டைக்கு ஒரு அடைப்பான். இதில் ஒன்று இல்லையென்றாலும் அது சாதாரண கப்ளர்தான்.

கவரில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், முதல் எண்ணான 6 தூசி அறவே புகாது என்பதையும், அடுத்த 7 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும். சர்வீஸ் கன்னின் அழுத்தத்துக்கு இது உத்தரவாதம் தராது. அதற்கான தரம் ஐ.பி. 69கே. ஆகவே ஐ.பி. 67 போட்ட இடத்தில் கன்னை நேராகக் காட்டக் கூடாது என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் வேலைக்கு உதவும் வகைகள் இவை:

- சூப்பர்சீல் 1.5: ஒன்று முதல் ஆறு பின் வரை. பின் ஒன்றுக்கு அதிகபட்சம் 14 ஆம்பியர். இண்டிகேட்டர், டேஞ்சர் லைட், ஹாரன், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் போதும். விலை குறைவு, அளவு சிறியது. பைக், ஆட்டோ, காருக்கு இதுவே முதல் தேர்வு.
- டாய்ட்ஷ் டி.டி.: இரண்டு முதல் பன்னிரண்டு பின் வரை. பின் ஒன்றுக்கு 13 ஆம்பியர். டிப்பர், எக்ஸ்கவேட்டர், டிராக்டர் போன்ற அதிர்வு மிகுந்த வண்டிகளுக்குப் பொருத்தம். விலை கூடுதல், உருட்டுப் பின் வகைக்குத் தனிக் கிரிம்பிங் கருவி வேண்டும்.
- வெதர் பேக்: 20 ஆம்பியர் வரை. ஃபேன் மோட்டார், கூடுதல் விளக்கு போன்ற கனமான லோடுக்கு.

ஆம்பியர் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். எஞ்சின் சூட்டிலும், பல பின்கள் ஒன்றாக ஓடும்போதும் தாங்கும் அளவு குறையும். வண்டியின் லோடு, கப்ளர் அளவில் பாதியைச் சுற்றி இருந்தால் நிம்மதி.

பெங்களூரு ஜே.சி. ரோடு நமக்கு அருகில்தான். ஓசூர் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. கம்பெனி சாமானுக்கும் அதே உருவில் வரும் மலிவுச் சாமானுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். மலிவுச் சாமானை ஒதுக்க வேண்டியதில்லை, சோதித்து வாங்குங்கள். பூட்டு நாக்கை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள், வெளுத்துப்போய் மடங்கினால் வேண்டாம். டெர்மினலைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது இரும்பு, விட்டுவிடுங்கள். சீலை விரலால் நசுக்கினால் உடனே பழைய உருவத்துக்கு வர வேண்டும். ஆண், பெண் இரண்டும் ஒரே தயாரிப்பாக, ஒரே செட்டாக இருக்கட்டும். வெள்ளிநிறத் தகரப்பூச்சுப் பின்னும் தங்கப்பூச்சுப் பின்னும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் தொடும் இடம் சீக்கிரம் கெடும்.

சீலின் துளையும் வயரின் பருமனும் பொருந்த வேண்டும். மெல்லிய வயரில் பெரிய துளை சீலைப் போட்டால் தண்ணீர் வழி திறந்தே இருக்கும். கெட்டுப்போன வயரில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

கருவிகள்

கப்ளரில் மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. கிரிம்பிங் பிளேயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரணக் கட்டிங் பிளேயரால் டெர்மினலை நசுக்கினால் செம்பு பாதி பிடிக்கும், பாதி தொங்கும். திறந்த சிறகுள்ள டெர்மினலை இரண்டு சுருளாக உள்நோக்கி மடக்கும் ராட்செட் பிளேயர் வேண்டும். முழு அழுத்தம் கிடைக்கும் வரை அது வாயைத் திறக்காது; அதனால் ஒவ்வொரு கிரிம்பும் ஒரே அளவில் விழும். இதனுடன் வயர் ஸ்ட்ரிப்பர், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பேப்பர் டேப் ஆகியவை போதும்.

மாற்றும் முறை

1. சாவியை எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

2. பழைய கப்ளரை வெட்டும் முன் இரு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் பேப்பர் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். கப்ளரின் இரு பக்கத்திலும் வயர் நிறம் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள்; பாடி கட்டிய இடத்தில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்.

3. கப்ளரை ஒட்டி வெட்டி, வயர் நுனியைச் சீவிச் செம்பைப் பாருங்கள். கருத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்ட வேண்டும். ஒரு சாண் போயும் கருப்பு போகவில்லை என்றால் அந்த வயரையே புதிதாக மாற்றுங்கள்.

4. நீளம் குறைந்தால் அதே பருமன் வயரில் ஒட்டுத் துண்டு சேருங்கள். எல்லா ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி வரட்டும். அப்போதுதான் ஹார்னஸ் அந்த இடத்தில் தடிக்காது. ஸ்லீவ் கிழிந்தாலும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் பசை ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கி வந்தால்தான் அது அடைத்திருக்கிறது.

5. கப்ளரின் கூடுகளை வயரில் எந்தப் பக்கம் போடுவது என்று தீர்மானியுங்கள். பேட்டரிப் பக்கத்திலிருந்து கரன்ட் வரும் வயருக்குச் சாக்கெட் டெர்மினல். விளக்குப் பக்கத்துக்குப் பின் டெர்மினல். அப்படிப் போட்டால் கப்ளர் கழன்று தொங்கினாலும் கரன்ட் உள்ள உலோகம் பாடியைத் தொடாது.

6. சீலை முதலில் வயரில் நுழையுங்கள். இதை மறந்து கிரிம்ப் செய்துவிட்டால் வெட்டி மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை. பிறகு 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை, டெர்மினலுக்குத் தேவையான அளவு மட்டும் இன்சுலேஷனைச் சீவுங்கள். ஒரு இழைகூட அறுபடக் கூடாது.

7. டெர்மினலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் உண்டு. முன் ஜோடி செம்பைப் பிடிக்க வேண்டும். பின் ஜோடி சீலின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். செம்பு முனை முன்சிறகைத் தாண்டி ஒரு மயிரளவு எட்டிப் பார்க்கலாம். இன்சுலேஷன் முன்சிறகுக்குள் போகக் கூடாது. அழுத்தியபின் வயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்தால் கிரிம்ப் தவறு.

8. ஈயம் வைக்காதீர்கள். கிரிம்பின் மேல் ஈயம் உருகி வயருக்குள் ஓடினால் இழைகள் விறைத்துப்போகும். அதிர்வில், விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும்.

9. டெர்மினலைக் கப்ளருக்குள் தள்ளுங்கள். 'டிக்' என்று பூட்டும். மெதுவாக இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கூட்டின் இரண்டாவது பூட்டையும் போடுங்கள். காலி ஓட்டைகளுக்கு அடைப்பான் வையுங்கள்.

10. கிரீஸ் அப்ப வேண்டாம். சீல் சரியாக இருந்தால் உள்ளே எதுவும் தேவையில்லை. பேரிங் கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

11. கப்ளரைச் சேசிஸில் கட்டும்போது, வயர் கப்ளரை விடக் கீழே இறங்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கப்ளருக்கு வராது. சைலன்சரிலிருந்தும் ஆடும் பாகங்களிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்.

சோதிக்கும் முறை

விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பேட்டரியை மாட்டி, விளக்கைப் போட்டபடி மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைக் கப்ளருக்கு முன்னால் உள்ள தொடுமிடத்திலும், மறுமுனையைப் பின்னால் உள்ள தொடுமிடத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நல்ல ஜாயின்ட். அதைத் தாண்டினால் கிரிம்பை மறுபடி பாருங்கள். அளப்பதற்காக வயரை ஊசியால் குத்தாதீர்கள். குத்திய ஓட்டை வழியே ஈரம் புகும். எர்த் வயரையும் இதே முறையில் சோதியுங்கள். பாதி விளக்குக் கோளாறு பெயின்ட் மேல் போல்ட் போட்ட எர்த்தில்தான் இருக்கிறது.

தனிக் கவனம் வேண்டிய இடங்கள்

பைக்கின் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் கப்ளர். காயிலிலிருந்து வரும் வயர்கள், பல வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர்கள், இங்கே சேரும். வண்டி ஓடும் நேரமெல்லாம் கரன்ட் ஓடும் இடம் இது. ஒரு மஞ்சள் வயர் மட்டும் பழுப்பாகி விறைத்திருந்தால் அந்தப் பின் சூடாகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். இங்கே சிறிய பின் வகையைப் போட வேண்டாம்; 20 ஆம்பியருக்கு மேல் தாங்கும் சீல் வகையைப் போடுங்கள். யூனிட்டை மட்டும் மாற்றிக் கருகிய கப்ளரை அப்படியே விட்டால் புது யூனிட்டும் சீக்கிரம் போகும்.

டிரெய்லரின் ஏழு பின் சாக்கெட். 24 வோல்ட் வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 1185 முறையில் 1 எர்த், 2 இடது டேஞ்சர் லைட், 3 இடது இண்டிகேட்டர், 4 பிரேக் லைட், 5 வலது இண்டிகேட்டர், 6 வலது டேஞ்சர் லைட். ஏழாவது பின்னை ஒவ்வொருவர் ஒவ்வொன்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். கர்நாடகத்தில் பாடி கட்டிய டிரெய்லரும் இங்குள்ள டிராக்டர் ஹெட்டும் சேரும்போது இந்த வரிசை மாறியிருக்கலாம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பின் பின்னாகப் பார்த்த பிறகே மாட்டுங்கள். சாக்கெட்டின் மூடி ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மூடாத சாக்கெட்டுக்குள் கிரானைட் தூள் வந்து தங்கிவிடும்.

கை வைக்கக் கூடாதவை

மின்சார வண்டியின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளையும் பேட்டரிப் பிளக்கையும் தொடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரும் அப்படியே. ஆக்சிஜன் சென்சார் வயரை வெட்டி ஒட்டாதீர்கள். பல சென்சார்கள் அந்த வயர் வழியேதான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். இரண்டு வயர் ஒன்றோடொன்று முறுக்கி வந்தால் அந்த முறுக்கைக் குலைக்காதீர்கள். வாரன்ட்டி உள்ள வண்டியென்றால் முதலில் ஷோரூமில் காட்டச் சொல்லுங்கள்.

செலவும் பலனும்

இரண்டு பின் மலிவு சூப்பர்சீல் செட் பெரும்பாலும் நூறு ரூபாயைத் தாண்டாது. கை பழகியவருக்கு ஒரு கப்ளரை மாற்ற அரை மணி நேரம் போதும். டேப் சுற்றினால் ஐந்து நிமிடம்தான் என்பது உண்மை. ஆனால் அந்த வண்டி மழையில் மறுபடி உங்கள் பட்டறைக்கே வரும். அல்லது வராமல் மேலுமலைச் சரிவில் விளக்கில்லாமல் நிற்கும். வண்டிக்காரர் செலவைப் பார்த்துத் தயங்கினால் வெட்டி எடுத்த கருத்த செம்பைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பேரம் அதோடு நின்றுவிடும்.

நல்ல பிளேயர், அளவான சீல், இழுத்துப் பார்த்த கிரிம்ப்: இந்த மூன்றும் இருந்தால் மலிவு கப்ளரும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இவை இல்லாவிட்டால் விலை உயர்ந்த கப்ளரும் ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்து உங்களிடம் வரும் வண்டியில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றைக் கண்டால், கேட்காவிட்டாலும் அதைப் பிரித்து வண்டிக்காரருக்குக் காட்டுங்கள். டேஞ்சர் லைட் வயரானால் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள்.